சம்பந்திக்கு டிப்ஸ் வைக்கலாமா?

முப்பத்தொரு வருஷம் துறையூர்ப் பக்கம் பஸ் கண்டக்டராக இருந்தவனிடம் போய் டிப்ஸைப் பற்றி அபிப்பிராயம் கேட்டால் அவன் என்ன சொல்வான்? ஐம்பது காசு பாக்கியைக்கூட டிக்கெட்டின் முதுகில் எழுதிக் கொடுத்து, இறங்கும்போது ஆளைக் கூப்பிட்டுக் கொடுத்தவன் நான். "நீயே வச்சுக்கப்பா" என்று சொன்ன பயணிகளோடு சண்டை போட்டிருக்கிறேன். சம்பளம் வாங்குகிற மனிதனுக்கு மேற்கொண்டு எதற்குக் காசு? இட்லி கொண்டுவந்து வைப்பது சர்வரின் வேலை, டிக்கெட் கிழிப்பது என் வேலை. அழகாகக் கிழித்தாய் என்று எனக்கு யாரும் காசு வைத்ததில்லை.

ஆகவே எந்த ஹோட்டலில் சாப்பிட்டாலும் மிச்சச் சில்லறையை ஒரு ரூபாய் விடாமல் எடுத்துக்கொண்டு நிம்மதியாக வெளியே வந்துவிடுவேன். என் மனைவி செண்பகம் மட்டும் கொஞ்சம் தாமதமாக வருவாள். ஏன் தாமதமாக வருகிறாள் என்று நான் யோசித்ததே இல்லை.

எங்கள் மகள் வெண்ணிலா துபாயில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் சுதர்சனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். பையன் இலங்கைக்காரன். பதுளைக்கு அப்பால் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. நல்ல பையன், கும்பிடத் தெரிந்த பையன். வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சம்பந்தம் பேசி, தட்டு மாற்றிவிட்டு வருவதென்று ஏற்பாடு. புறப்படுவதற்கு முன்னால் மகள் ஃபோனில் ஒன்று சொன்னாள்.

"அப்பா, அவங்க அப்பா எல்லங்கிற ஊர்ல ஒரு ரெஸ்டாரண்ட்ல வெயிட்டரா இருக்காரு. அங்க போயி உங்க டிப்ஸ் பிரசங்கத்த ஆரம்பிச்சிராதீங்க. நீங்க பேசிக் கெடுத்தீங்கன்னா நான் கல்யாணமே பண்ணிக்க மாட்டேன்."

வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன். அந்தச் சத்தியத்தைக் கடைசிவரை காப்பாற்றினேன் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். காரியம் கெட்டது என் வாயால் இல்லை, கையால்.

புதன்கிழமை மத்தியானம் பதுளையில் இறங்கினோம். பஸ் ஸ்டாண்டுப் பேச்சைக் கேட்டதும் எனக்குத் துறையூரிலேயே இன்னும் இருக்கிறோமோ என்று சந்தேகம் வந்தது. "வாங்க, ஏறுங்க, எடம் இருக்கு" என்று கூப்பிட்ட கண்டக்டரை எங்கள் டிப்போவில் பார்த்த ஞாபகம்கூட வந்தது. குளிர் மட்டும்தான் வேறு ஊர் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பசிக்கு ஒரு தேநீர்க் கடையில் நுழைந்தோம். எல்லோரும் நானா என்று கூப்பிடும் பெரியவர் ஒருவர் கல்லாவில் இருந்தார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெரிய தட்டு வந்து இறங்கியது. அதில் ரோல்ஸ், கட்லட், பெட்டிஸ், பருப்பு வடை, மீன் வைத்த பன் என்று ஒரு குன்று. இதுதான் இந்த ஊர் டிபன் போலிருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் ஊரில் தட்டில் வைத்தது நம்முடையது, வீணாக்கினால் பாவம். செண்பகம் இரண்டு வடையோடு கையைக் கழுவிவிட்டாள். மிச்சம் முழுவதும் என் தலையில் விழுந்தது.

எட்டாவதாக மீன் பன்னை முடித்து நிமிர்ந்தேன். தட்டு காலியாக இருப்பதைப் பார்த்த கடை ஆள், பாவம் மனுஷனுக்குப் பசி என்று இன்னொரு குன்றைக் கொண்டுவந்து வைத்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு அதையும் ஆரம்பித்தேன். பக்கத்து மேசையில் பேச்சு நின்றுவிட்டது. கடைசியில் நானாவே எழுந்து வந்தார்.

"ஐயா, எதுக்கு இப்புடிக் கஷ்டப்படுறீங்க? தின்னதுக்கு மட்டுந்தான் காசு. மிச்சத்த நாங்க எடுத்துக்குவோம்."

"இத முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றேன்.

"இது தெரியாதவங்க யாரு இருக்காங்க, சொல்றதுக்கு?" என்றார் அவர். நியாயமான கேள்வி.

பில்லைக் கொடுத்துவிட்டு, குனிய முடியாத வயிற்றோடு தெருவில் நடந்துகொண்டிருந்தபோது, கடை ஆள் பின்னாலேயே ஓடிவந்து இருபது ரூபாயை என் கையில் வைத்தார். மீதி வாங்காமல் வந்துவிட்டேனாம். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. டிப்ஸ் என்ற பேச்சே இல்லாத ஊர். மகள் சரியான இடத்தில்தான் மாப்பிள்ளை பார்த்திருக்கிறாள் என்று செண்பகத்திடம் சொன்னேன். அவள் சோடா வாங்கிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பெண் கொடுக்கிற இடத்தை விசாரிக்காமல் கொடுப்பது எங்கள் வழக்கம் இல்லை. சம்பந்தம் பேசப் போவதற்கு முன்னால் பையன் வீட்டுத் தெருவில் ஒரு டீயைக் குடித்து, வெற்றிலைக் கடையில் பேச்சுக் கொடுத்து, இரண்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டு வருவோம். இங்கே யாரை விசாரிப்பது? எல்ல ஒரு மணி நேரத் தூரம்தானே, சம்பந்தி வேலை செய்கிற இடத்திலேயே போய் உட்கார்ந்து ஆளை எடைபோட்டுவிடுவோம் என்றேன். செண்பகத்துக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் கிளம்பினாள், எல்லவில் அருவி இருக்கிறதாம்.

அடையாளம் தெரியாமல் இருக்கப் பதுளைக் கடைத்தெருவில் ஒரு அகலத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கிக்கொண்டேன். கடையின் நிலைக்கண்ணாடியில் பார்த்தேன், என்னை எனக்கே தெரியவில்லை. செண்பகம் மட்டும் என் மீசையைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

ரயில் தெமோதரையில் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். ஸ்டேஷனுக்கு அடியில் குகையில் புகுந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, மேலே ஏறி அதே ஸ்டேஷனில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான், நாற்பது நிமிஷம் நகரவில்லை. யாரும் கோபப்படவும் இல்லை. எங்கள் ரூட்டில் நாலு நிமிஷம் பஸ் நின்றால் என் பரம்பரையையே இழுப்பார்கள். இங்கே ஒரு வெள்ளைக்காரப் பையன் படிக்கட்டில் தொங்கியபடி தூங்கிப்போனான். "உள்ளே போ" என்று பழைய பழக்கத்தில் ஒரு சத்தம் போட்டேன். அவன் மட்டுமில்லை, பெட்டியில் பாதிப்பேர் உள்ளே போனார்கள்.

எல்ல முழுக்க உல்லாசப் பயணிகள். நாங்கள் நுழைந்த ரெஸ்டாரண்டில் எல்லா மேசையிலும் ஒரு சாஸரில் பூ வைத்திருந்தார்கள். சம்பந்தியைப் பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன். போட்டோவில் பார்த்த அதே படிய வாரிய நரைமுடி, வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு. பெயர் சந்தனம். நேராக எங்கள் மேசைக்குத்தான் வந்தார்.

"வெல்கம் சேர், வெல்கம் மேடம்."

"ஐ ஆம் ஃப்ரம் பெங்களூர்," என்றேன். எந்த ஊர் என்று அவர் கேட்கவே இல்லை. செண்பகம் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

சாப்பாட்டைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். சிவப்பரிசிச் சோறு, பலாக்காய்க் கறி, பருப்பு, தேங்காய்ச் சம்பல், மொறுமொறு அப்பளம். நான் கேட்பதற்கு முன்னால் சம்பல் வந்தது, செண்பகம் நினைப்பதற்கு முன்னால் வெந்நீர் வந்தது. மனிதர் தட்டு வைக்கும்போது சத்தமே கேட்கவில்லை. ஒரு வெள்ளைக்காரக் குழந்தை கொட்டிய ஜூஸை, அது அழ ஆரம்பிப்பதற்குள் துடைத்துவிட்டு வேறு கொண்டுவந்து வைத்தார். இந்த வீட்டுக்கு என் பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டேன்.

வினை பில்லோடு வந்தது. தோல் உறை போட்ட சின்னப் புத்தகத்துக்குள் பில், அதில் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ். பக்கத்து மேசையிலும் அதே பஞ்சாயத்து. ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இங்கிலீஷில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. "அதுதான் பில்லிலேயே போட்டுவிட்டார்களே, மறுபடி எதற்கு?" என்றான் புருஷன். "அது கடைக்கு. இது அந்த மனிதருக்கு" என்றாள் பெண்சாதி. அவன் என் கட்சி.

"நாம என்ன பண்றது?" என்று செண்பகம் கிசுகிசுத்தாள்.

"வைக்கக் கூடாது. இன்னைக்கு அவருக்கு டிப்ஸ் வச்சுட்டு, நாளைக்கு அவர் வீட்ல எப்படிச் சரிசமமா உக்காருவேன்? சம்பந்திக்கு யாராவது டிப்ஸ் வைப்பாங்களா?"

"வைக்கலன்னா கஞ்சன்னு நினைப்பாரு."

"பெங்களூர்க்காரனத்தானே நினைப்பாரு. நான் தொப்பி போட்டிருக்கேன்ல."

முடிவைத் தள்ளிப்போட இஞ்சி டீ சொன்னேன். அது தீர்ந்ததும் இன்னொன்று சொன்னேன். மூன்றாவது இஞ்சி டீக்குப் பிறகு கழிப்பறைக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. அங்கே நின்றபடி நன்றாக யோசித்தேன். டிப்ஸ் வைக்காததுதான் சம்பந்திக்கு நான் செய்யும் மரியாதை. என் கொள்கையும் மரியாதையும் ஒரே பக்கம் நிற்பது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

திரும்பி வந்தபோது செண்பகம் வாசலுக்குப் போயிருந்தாள். டீயையும் சேர்த்துத் திருத்திய பில் தொகையைக் கடைசி ரூபாய் வரை எண்ணித் தோல் புத்தகத்தில் வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன், டீ சாஸருக்கு அடியில் ஒரு ஆயிரம் ரூபாய் நோட்டு நீட்டிக்கொண்டிருந்தது. செண்பகத்தின் மறதி. பஸ்ஸிலும் இப்படித்தான், சீட்டில் பர்ஸை விட்டுவிட்டு இறங்கிப் போவார்கள். நல்லவேளை என் கண்ணில் பட்டது என்று அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கல்லாப் பக்கம் சந்தனம் ஒரு கிளாஸைத் துடைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பீரமாக ஒரு தலையசைப்புப் போட்டேன். அவரும் மெதுவாகத் தலையை அசைத்தார்.

"எல்லாம் திருப்தியா சேர்?" என்று தமிழில் கேட்டார்.

"ஓகே" என்றேன். பெங்களூர்க்காரன் அதற்கு மேல் என்ன சொல்வான்?

நோட்டைப் பற்றிச் செண்பகத்திடம் சொல்லவில்லை. மறந்ததை ஒப்புக்கொள்கிற ஜாதி இல்லை அவள், வீண் சண்டைதான் மிஞ்சும்.

வெள்ளிக்கிழமை தொப்பியை அறையிலேயே விட்டுவிட்டுப் பட்டு வேட்டியோடு கிளம்பினேன். பசறை வழியாக மடுல்சீமைக்குப் பஸ். அங்கிருந்து தோட்டத்துக்குப் போக இங்கே த்ரீவீல் என்று சொல்கிற ஆட்டோ. பாதி ஏற்றத்தில் அது பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. ரோடு என்று சொன்னார்கள், நான் பார்த்தவரை அது ஆற்றுப்படுகை.

"ஐயா, ஒருக்காத் தள்ளினா ஏறிரும்," என்றார் டிரைவர்.

பட்டுச் சேலை கசங்கும் என்று செண்பகம் இறங்க மறுத்துவிட்டாள். டிரைவரையும், மனைவியையும், இரண்டு தட்டுப் பழம் வெற்றிலையையும் சேர்த்து நான் தனியாளாகத் தள்ளினேன். மேலே சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "மாமா, அந்தப் பக்கம் தோள் குடுங்க" என்று ஒருத்தி யோசனை சொன்னாள். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளின் வாசலில் காசு கொடுத்தபோது டிரைவர் நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்.

"எதுக்கு?"

"தள்ளினீங்கள்ல."

முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் வாங்காத டிப்ஸை அந்த ஏற்றத்தில் வாங்கினேன். சண்டை போட மூச்சு இல்லை. அதனால் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த லயத்தில் கடைசி வீடு சந்தனத்தின் வீடு. முன்னால் ஓர் அறை எடுத்துக் கட்டியிருந்தார். ஐம்பது பேர் வருவார்கள், பெரிய விருந்து என்று மகள் சொல்லியிருந்தாள். வாசலில் ஒருவரும் இல்லை. கோயிலிலிருந்து வாங்கிவந்த அண்டா ஒன்று கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. காலில் கயிறு கட்டிய ஒரு சேவல், தன் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது என்று தெரிந்த நிம்மதியோடு மேய்ந்துகொண்டிருந்தது.

சந்தனமும் அவர் மனைவி ராஜேஸ்வரியும் "வாங்க, உள்ள வாங்க" என்றார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் வந்தது பால் விடாத பிளேன்டீயும் மாரி பிஸ்கட்டும். நான் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன்.

"நீங்க சொல்லச் சங்கடப்பட வேணாங்க," என்று சந்தனமே ஆரம்பித்தார். "எனக்கு நேத்தே வெளங்கிருச்சு. இம்புட்டுத் தூரம் நேர்ல வந்து சொல்றீங்களே, அதுவே பெரிசு."

"என்ன விளங்குச்சு?"

"இந்தச் சம்பந்தம் சரிவராதுன்னு. சொந்தக்காரங்கள வர வேணாம்னு சொல்லிட்டேன். சுதர்சன் தம்பிக்குத்தான் இன்னும் சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

செண்பகத்தின் கையிலிருந்த பிஸ்கட் டீக்குள் விழுந்தது. "நேத்து நாம பாக்கவே இல்லையே" என்று ஒரு பொய்யை ஆரம்பித்தேன்.

"தொப்பி சரிதாங்க. மீசைய என்னா செய்வீங்க? உங்க பாப்பா அனுப்புன படத்துல மொதல்ல அதுதான் தெரியுது."

"அப்ப ஏன் எங்ககிட்ட பேசல?" என்று செண்பகம் கேட்டாள்.

"வேஷம் போட்டு வர்ற கஸ்டமரத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கக் கூடாதுங்க. எங்க தொழில்ல அது மரியாத இல்ல. பெங்களூர்னு சொன்னா பெங்களூர்தான்." அவர் டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இருபத்தாறு வருசமா மேசை பாக்குறேன். ஆளுங்க போனப்புறம் நாங்க பேசிக்கிறது ஒண்ணுதான், இது நல்ல டேபிள், இது நல்ல டேபிள் இல்லைன்னு. காசு கூடக் கொறைய இருக்கட்டும், அது இல்ல கணக்கு. புடிச்சிருந்தா கை தன்னால எதையாச்சும் வைக்கும். அம்மா வச்சாங்க. நான் கல்லாவுக்கிட்ட நின்னு பாத்தேன், மனசு நெறைஞ்சு போச்சு. அப்புறம் நீங்க வந்தீங்க. சுத்திமுத்திப் பாத்தீங்க. எடுத்துப் பையில போட்டுக்கிட்டீங்க. என்னையப் பாத்துத் தலைய வேற ஆட்டினீங்க. இதுக்கு மேல ஒரு மனுசன் என்னாத்தச் சொல்லணும்?"

செண்பகம் என் பக்கம் திரும்பினாள். "எடுத்தீங்களா?"

"நீ மறந்துட்டுப் போயிட்டேன்னு நினைச்சேன்."

"மறக்கல, வச்சேன். இருபது வருஷமா ஒவ்வொரு ஹோட்டல்லயும் உங்க முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டுத்தான் வர்றேன்."

முதலில் சிரித்தது ராஜேஸ்வரி. முந்தானையால் வாயை மூடிக்கொண்டும் நிற்கவில்லை. "ராத்திரி பூரா இந்த மனுசன் பொரண்டுக்கிட்டே கெடந்தாருங்க. பருப்புல உப்புக் கூடிப் போச்சா, தண்ணி பிந்தி வச்சேனான்னு என்னையக் கேக்குறாரு. நானா அங்க இருந்தேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு உள்ளே வலித்தது. என் மகளின் கல்யாணம் ஒரு சாஸருக்கு அடியில் இருந்திருக்கிறது. நான் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பதுளைக்குப் போய்க் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன். இங்கே ஒரு மனிதர் தன் பருப்பில் குற்றம் தேடிக்கொண்டு விடியவிடிய விழித்திருக்கிறார்.

அந்த ஆயிரம் ரூபாய் நோட்டு இன்னும் என்னிடம்தான் இருந்தது. எடுத்து என் பிளேன்டீ சாஸருக்கு அடியில் வைத்தேன்.

"இது சம்பந்திக்கு இல்லைங்க. பெங்களூர்க்காரனுக்குச் சோறு போட்ட வெயிட்டருக்கு. அந்த ஆளு இப்படி ஒரு சாப்பாட்டத் தன் வாழ்நாள்ல சாப்பிட்டதில்லையாம். சொல்லச் சொன்னான்."

சந்தனம் நோட்டைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் எடுக்கவில்லை.

"எடுத்துக்கங்க," என்றேன்.

"கஸ்டமர் எந்திரிச்சுப் போறதுக்கு முந்தி எடுக்கக் கூடாதுங்க. அதுவும் தொழில்தான்."

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. ஃபோன் பறந்தது. அண்டா நிமிர்ந்தது. அரை மணியில் லயத்து வாசலில் நிற்க இடமில்லை. எல்லவில் நான் டிப்ஸை எடுத்ததால் அதுவரை உயிர் பிழைத்திருந்த ஒரே ஜீவன் அந்தச் சேவல்தான். அது என்னை ஒரு பார்வை பார்த்தது, நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். தட்டு மாற்றும்போது துபாயிலிருந்து இரண்டு பேரும் வீடியோவில் இருந்தார்கள். ஏன் இவ்வளவு நேரமாயிற்று என்று மகள் கேட்டாள். த்ரீவீல் ஏறவில்லை என்றேன்.

குழம்பு ஊற்ற வந்த சந்தனத்திடம் மெதுவாகக் கேட்டேன். "நீங்களே சொல்லுங்க சம்பந்தி. டிப்ஸ் வைக்கிறது கட்டாயமா?"

அவர் கரண்டியோடு நின்று யோசித்தார். "கட்டாயம் இல்லைங்க. சர்வீஸ் சார்ஜ்ல எங்களுக்கும் ஒரு பங்கு வருது. வைக்கலன்னா யாரும் மறிச்சுக் கேக்க மாட்டோம்." குழம்பை ஊற்றிவிட்டு என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார். "வச்சதை மட்டும் எடுக்காதீங்க."

சாயங்காலம் அதே த்ரீவீலில் கிளம்பினோம். இறக்கம் என்பதால் தள்ள வேண்டியிருக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது, கும்பிட்டு அனுப்பிய சந்தனம் அந்த டீ சாஸர் இருந்த அறைக்குள் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார்.

பஸ் பசறையைத் தாண்டும்போது மகளிடமிருந்து செய்தி வந்தது. "மாமா உங்கள நல்ல டேபிள்னு சொன்னாங்கப்பா. அப்படின்னா என்ன?"

செண்பகத்திடம் காட்டினேன். அவள் இரண்டு தடவை படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் எங்கள் டிப்போ மேனேஜர் ஒருவர்கூட என்னைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தை எழுதியதில்லை.